பந்தய டிராக்குக்கு லேசான அலாய் வீல்: தரம் பார்க்கும் முறை

அலாய் வீலின் முகப்பு விற்பனைக்கானது. பெயின்ட், ஸ்போக் வளைவு, நடுமூடி எல்லாம் அந்தப் பக்கம். வீல் எப்படிச் செய்யப்பட்டது, எவ்வளவு சுமை தாங்கும், விரிசல் விட்டால் எங்கே விடும் என்பதெல்லாம் பின்பக்கத்தில்தான் தெரியும். அதனால் வீல் கைக்கு வந்ததும் தரையில் ஒரு துணியை விரித்து அதைக் கவிழ்த்துப் போடுங்கள். ஒரு டார்ச், ஒரு வெர்னியர், ஒரு தொங்கு தராசு இருந்தால் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

முதலில் சுமை, அப்புறம்தான் எடை

பின்பக்க எழுத்துகளைப் படியுங்கள். 17×9ஜே போன்ற அளவு (17 அங்குல விட்டம், 9 அங்குல அகலம்), ஆஃப்செட் (காரோடு ஒட்டும் முகம் வீலின் நடுக்கோட்டிலிருந்து தள்ளியிருக்கும் தூரம்), பிசிடி (நட் துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டம்), தயாரிப்புத் தேதி இவற்றோடு ஒரு சுமை எண்ணும் இருக்க வேண்டும், 690 கிலோ என்பது போல. அது பவுண்டில் இருந்தால் 0.4536ஆல் பெருக்குங்கள். சுமை எண்ணே இல்லாத, விற்பவரிடம் கேட்டாலும் எழுத்தில் கிடைக்காத வீலை அத்தோடு விட்டுவிடலாம். மேற்கொண்டு எதையும் பார்க்கத் தேவையில்லை.

காரின் கதவுத் தூணில் உள்ள தகட்டில் ஒவ்வொரு அச்சும் தாங்கக்கூடிய அதிகபட்சச் சுமை இருக்கும். இரண்டில் பெரியதை எடுத்துப் பாதியாக்குங்கள். 1000 கிலோ என்றால் ஒரு வீலுக்கு 500. சாலையில் ஓட்ட 500 கிலோ வீல் போதும், டிராக்கில் போதாது. ஏன் என்பதைக் கணக்கிலேயே பார்த்துவிடலாம். வீலைச் சுழற்றியபடி வளைத்துப் பார்க்கும் சோர்வுச் சோதனையில் வீல் மீது ஏற்றும் திருப்புத்திறன், சுமையை உராய்வும் டயர் ஆரமும் ஆஃப்செட்டும் சேர்ந்த ஓர் எண்ணால் பெருக்கி வருவது. அதன் மேல் ஒரு பாதுகாப்புக் காரணியும் வைப்பார்கள். புழக்கத்தில் உள்ள தரவிதிகள் உராய்வை 0.7, 0.9 என்ற அளவில் எடுத்துக்கொள்கின்றன. 500 கிலோ சுமை, 0.31 மீட்டர் டயர் ஆரம், 45 மி.மீ. ஆஃப்செட், 0.7 உராய்வு என்றால், பாதுகாப்புக் காரணிக்கு முன் 1285 நியூட்டன் மீட்டர் வரும். ஸ்லிக் டயர் (பள்ளக்கோடு இல்லாத பந்தய டயர்) போட்டு உராய்வு 1.2 ஆனால் அதே கணக்கு 2045 ஆகிவிடும். ஏறக்குறைய 60 சதவீதம் அதிகம். போதாததற்கு, வேகமாகத் திரும்பும்போது அந்த அச்சின் சுமையில் பெரும்பகுதி வெளிப்பக்க வீலுக்கே போய்ச் சேரும். தரவிதி ஒதுக்கி வைத்த பாதுகாப்பு இடைவெளியை டயர் இப்படித்தான் தின்றுவிடுகிறது. அதனால் செமி ஸ்லிக் (பள்ளக்கோடு குறைவான டயர்) போடுபவர்கள் கணக்கில் வரும் சுமையைப் போல குறைந்தது 1.3 மடங்கு எண் உள்ள வீலை எடுங்கள். ஸ்லிக் என்றால் 1.5 மடங்குக்குக் குறையவே வேண்டாம்.

முத்திரைகளில் ஜேடபிள்யூஎல் என்பது ஜப்பானின் லேசான உலோகக் கலவை வீல்களுக்கான தரம். அதைப் பொறிப்பது தயாரிப்பாளரே. விஐஏ முத்திரை இருந்தால் வெளியில் உள்ள சோதனை அமைப்பிலும் அந்த வீல் பதிவாகியிருக்கிறது என்று பொருள். ஜெர்மனிக்கான வீல்களில் கேபிஏ எண் இருக்கும். அந்த எண்ணைக் கொண்டு எந்த மாடல், எந்த அளவு, எவ்வளவு சுமை என்று சரிபார்க்கலாம். முத்திரை உலோகத்திலேயே இருக்க வேண்டும். வெறும் ஸ்டிக்கரைக் கணக்கில் எடுக்காதீர்கள். அசல் போலவே செய்த நகல்களிலும் ஜேடபிள்யூஎல் எழுத்து இருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். எழுத்தைப் பொறிக்க யாருக்கும் செலவாகாது.

காஸ்ட், ஃப்ளோ ஃபார்ம்டு, ஃபோர்ஜ்டு

காஸ்ட் வீல் உருகிய உலோகத்தை அச்சில் விட்டுச் செய்வது. பெரும்பாலும் ஏ356 அலுமினியக் கலவை. ஃப்ளோ ஃபார்ம்டில் நடுப்பகுதி வார்ப்பு, டயர் மாட்டும் வளையமான பீப்பாய்ப் பகுதியை மட்டும் சூட்டோடு சுழற்றி உருளைகளால் அழுத்தி நீட்டுவார்கள். அங்கே உலோகம் அடர்ந்து, மெல்லியதாகவும் வலுவாகவும் ஆகும். ஸ்போக்குகள் வார்ப்பாகவே இருக்கும். ஃபோர்ஜ்டு, திட உலோகத்தைப் பல ஆயிரம் டன் அழுத்தத்தில் நசுக்கி, பிறகு கடைந்து எடுப்பது. வழக்கமாக 6061-டி6 அலுமினியக் கலவை.

டிராக்கில் இந்த வேறுபாடு பெரிதாகத் தெரிவது அடிபடும்போதுதான். கெர்பில் (டிராக் ஓரத்து மேடான விளிம்பில்) மோதினால் ஃபோர்ஜ்டு வீல் பெரும்பாலும் வளையும், மோசமான வார்ப்பு உடையும். வளைந்த வீலோடு பிட்டுக்கு (டிராக்கில் காரை நிறுத்திப் பழுது பார்க்கும் இடத்துக்கு) வந்து சேரலாம்.

பின்பக்கத்தில் வார்ப்பின் அடையாளங்கள் எளிதில் தெரியும்: அச்சு சேர்ந்த கோடு, மணல் தூவியது போன்ற மேற்பரப்பு, மாதம் காட்டும் சின்ன வட்ட முத்திரை. ஃபோர்ஜ்டு வீலில் ஸ்போக்கின் முதுகிலும் பள்ளங்களிலும் கட்டர் ஓடிய வரிகள் இருக்கும். ஆனால் ஃப்ளோ ஃபார்ம்டைச் சாதாரண வார்ப்பிலிருந்து கண்ணால் பிரிப்பது கடினம், ஏனென்றால் எல்லா வீல்களின் பீப்பாயையும் லேத்தில் கடைவார்கள். அங்கே எடைதான் சாட்சி.

எடை

நான்கையும் தனித்தனியாக நிறுத்துங்கள். ஒரே அளவு வீல்களுக்குள் 200 கிராமுக்கு மேல் வேறுபாடு இருந்தால் தயாரிப்பில் ஒழுங்கில்லை. 17×9 அளவில் சாதாரண வார்ப்பு 9.5 கிலோவுக்கு மேல், ஃப்ளோ ஃபார்ம்டு 8 கிலோவை ஒட்டி, ஃபோர்ஜ்டு 7 கிலோவை ஒட்டி இருப்பது வழக்கம். விதிவிலக்குகள் உண்டு: என்கெய் நிறுவனத்தின் ஆர்பிஎஃப்1 ஃபோர்ஜ்டு இல்லாமலேயே இந்த அளவில் 7.5 கிலோவுக்குள் நிற்கிறது. ஆனால் பெயர் தெரியாத ஒரு வார்ப்பு வீல் அதே எடையைக் காட்டினால், குறைந்த உலோகம் எங்கிருந்து போனது என்று தேட வேண்டும். ஒருவேளை நட் துளைகளைச் சுற்றியுள்ள தட்டிலிருந்து போயிருக்கலாம், அல்லது ஸ்போக் பீப்பாயைத் தொடும் இடத்திலிருந்து. இரண்டுமே உலோகம் குறையக் கூடாத இடங்கள்.

விளம்பர எடை எந்த அளவுக்கானது என்றும் கேளுங்கள். ரேஸ் (Rays) நிறுவனம் 1996இல் கொண்டுவந்த டிஇ37 வீலின் பெயரிலுள்ள 37, 15 அங்குல வீலின் 3.7 கிலோ எடையைக் குறிப்பது. 18 அங்குலத்தில் அந்த எடையை எதிர்பார்க்க முடியாது.

சுழலும் 1 கிலோ காரின் 10 கிலோவுக்குச் சமம் என்று பலர் சொல்வார்கள். அது தவறு. முடுக்கத்தைப் பொறுத்தவரை 0.31 மீட்டர் ஆர டயருக்குள் 0.215 மீட்டர் ஆரத்தில் உள்ள பீப்பாயில் 1 கிலோ குறைத்தால், காரில் ஏறக்குறைய 1.5 கிலோ குறைத்ததற்குச் சமம். வீல் மாட்டும் நடுப்பகுதியான ஹப் அருகே குறைத்தால் 1 கிலோவை விடச் சற்றே அதிகம், அவ்வளவுதான். எந்த இடத்தில் குறைத்தாலும் 2ஐத் தாண்டாது. குண்டு குழியில் டயர் தரையை விடாமல் பிடிப்பதற்கு லேசான வீல் உதவும், அது உண்மையான லாபம். ஆனால் இன்னும் 300 கிராம் குறைக்கிறோம் என்று சுமை எண்ணை விட்டுக்கொடுப்பது வீண்.

டார்ச் வெளிச்சத்தில்

நட் அமரும் குழியிலிருந்து தொடங்குங்கள். கடைந்த உலோகம் பளபளப்பாக, ஒரே சீராக இருக்க வேண்டும். டார்ச்சைச் சாய்வாகப் பிடித்தால் ஊசி குத்தியது போன்ற புள்ளிகள் தெரிகிறதா? அவை வார்ப்பில் சிக்கிய காற்றுக் குமிழிகள். கடைந்த இடத்தில் நான்கைந்து தெரிந்தால், கடையாத இடத்தில் உள்ளே எத்தனை இருக்கும் என்று நீங்களே ஊகிக்கலாம். நடுத்துளையின் உட்சுவரையும் வால்வ் துளையின் விளிம்பையும் இதே போல் பாருங்கள்.

நட் குழியிலோ ஹப்பைத் தொடும் தட்டிலோ பெயின்ட் தடிமனாக இருந்தால் அது பெரிய குறை. ஓட்டும் சூட்டில் பெயின்ட் நசுங்கும், நட்டின் இறுக்கம் போகும்.

தட்டு சமமாக இருக்கிறதா என்று பார்க்க, ஹப்பில் மெல்லிய நீலச் சாயம் தடவி, வீலை மாட்டி இறுக்கிக் கழற்றுங்கள். நட் துளைகளைச் சுற்றிச் சாயம் முழுதாக ஒட்ட வேண்டும். வெளி விளிம்பில் மட்டும் ஒட்டினால் நட் இறுக்கும்போதெல்லாம் வீல் வளைகிறது.

ஸ்போக் பீப்பாயில் சேரும் உள்மூலையில் விரலை ஓட்டுங்கள். வழுவழுப்பான வளைவாக இருக்க வேண்டும். கத்தி வைத்து வெட்டியது போல கூர்மையான மூலை இருந்தால் விரிசல் அங்கேதான் பிறக்கும். டயர் அமரும் இடத்தில் குறுக்கு வரிகள் பொறித்திருந்தால் நல்லது. பலமாகப் பிரேக் அடிக்கும்போது டயர் ரிம்மில் நழுவாது.

பொருத்தம்

வீல் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் நட் தவறினால் கழன்றுவிடும். ஆஃப்டர்மார்க்கெட் (கம்பெனி தராமல் வெளியில் வாங்கும்) வீல்களில் பெரும்பாலும் 60 டிகிரி கூம்புக் குழி. ஹோண்டாவின் கம்பெனி நட் கோள வடிவம். கோள நட்டைக் கூம்பில் போட்டால் ஒரு மெல்லிய வட்டத்தில் மட்டும் தொடும், இறுகியது போலத் தெரிந்து பிறகு தளரும். நட் எத்தனை சுற்று ஏறுகிறது என்று எண்ணுங்கள். ஸ்டட்டின் (நட் ஏறும் திருகுக் கம்பியின்) விட்டத்துக்கு நிகரான நீளமாவது திருகு பிடிக்க வேண்டும்: எம்12×1.5க்கு (12 மி.மீ. விட்டம், சுற்றுக்கு 1.5 மி.மீ.) 8 சுற்று, எம்14×1.5க்கு 9½. ஸ்பேசர் (வீலுக்கும் ஹப்புக்கும் இடையில் வைக்கும் தட்டு) போட்டால் மறுபடி எண்ணுங்கள்.

நடுத்துளை பெரியதாக இருந்தால், உதாரணமாக வீலில் 73.1, ஹப்பில் 64.1 மி.மீ. என்றால், இடையில் வளையம் போடுவார்கள். பிளாஸ்டிக் வளையம் டிராக்கின் பிரேக் சூட்டில் இளகும். அலுமினிய வளையம் எடுங்கள். வளையத்தின் வேலை வீலை மையத்தில் நிறுத்துவது மட்டுமே, சுமையைத் தாங்குவது நட்டின் இறுக்கம்.

பிரேக் காலிப்பர் மேல் களிமண் உருண்டையை ஒட்டி வீலை மாட்டி ஒரு சுற்று சுற்றுங்கள். நசுங்கிய களிமண்ணின் தடிமன்தான் இடைவெளி. 3 மி.மீட்டருக்குக் குறைந்தால் வேண்டாம். திருப்பத்தில் வீல் நெளியும், உள்ளே ஒட்டும் பேலன்ஸ் எடைகளுக்கும் இடம் வேண்டும்.

வளைவு இருக்கிறதா என்று அளக்க, டயர் மாட்டும் முன் வீலை ஹப்பில் இறுக்கி, டயர் அமரும் பரப்பில் டயல் கேஜை வைத்துச் சுற்றுங்கள். 0.3 மி.மீட்டருக்குள் நல்லது, 0.5 வரை சரி, 0.7ஐத் தாண்டினால் திருப்பிக் கொடுங்கள். அதற்கு முன் ஒரு வேலை: வீலைக் கழற்றி ஒரு ஸ்டட் தள்ளி மாட்டி மறுபடி அளந்து பாருங்கள். மேடான இடம் வீலோடு நகர்ந்தால் குறை வீலில். ஸ்டட்டோடு நின்றால் ஹப்பில், பெரும்பாலும் துருதான்.

பழைய வீல் வாங்குவதானால்

வெல்டு வைத்த வீல் டிராக்குக்கு ஆகாது. டி6 என்பது சூடேற்றி, நீரில் தணித்து, பிறகு 160 முதல் 180 டிகிரி செல்சியஸில் மணிக்கணக்கில் வைத்துப் பெறும் வலு. வெல்டின் சூட்டில் அதைச் சுற்றி அந்த வலு போய்விடும். பவுடர் கோட்டிங்கிலும் சந்தேகம் வையுங்கள். அதன் அடுப்பு 200 டிகிரியை ஒட்டி இயங்கும், இரண்டு மூன்று முறை போய்வந்த வீல் பழைய வலுவோடு இருக்கும் என்று சொல்ல முடியாது. புதுப் பூச்சு பழைய விரிசலையும் மறைக்கும்.

விரிசல் தேட டை பெனட்ரன்ட் ஸ்ப்ரே (விரிசலுக்குள் ஊறும் சாயம்) போதும். ஸ்போக்கின் வேர், நட் துளைகளுக்கு இடைப்பட்ட பகுதி, பீப்பாயின் உள் விளிம்பு ஆகிய இடங்களில் அழுக்கும் பெயின்ட்டும் போகத் துடைத்து, சிவப்புச் சாயத்தை அடித்து 15 நிமிடம் விடுங்கள். கிளீனரைத் துணியில் நனைத்துத் துடைக்க வேண்டும். நேராக வீலில் அடித்தால் விரிசலுக்குள் போன சாயமும் கழுவிப்போகும். பிறகு வெள்ளை டெவலப்பரை மெல்லிதாக அடித்து 10 நிமிடம் காத்திருங்கள். புள்ளி தெரிந்தால் குமிழி. கோடு தெரிந்தால் வீலைக் கழித்துவிடுங்கள்.

மாட்டிய பிறகு கார் கையேட்டில் உள்ள டார்க் (இறுக்கும் திருப்புவிசை) அளவுக்கு இறுக்கி, முதல் செஷன் முடிந்து வீல் ஆறியதும் மறுபடி சரிபாருங்கள். ரிம்மிலிருந்து டயருக்கு சாக்பீஸால் ஒரு கோடு போட்டு வைத்தால் டயர் நழுவுகிறதா என்பது தெரியும். காற்று ஒரு டயரில் மட்டும் மெதுவாக இறங்கினால் வால்வைச் சந்தேகிக்கும் முன் உள் விளிம்பில் சோப்புத் தண்ணீர் விட்டுப் பாருங்கள்.