தோட்டத்துச் சாலையில் நிதானமாக ஓட்டும் முறை

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட் வட்டாரத்தில் வாகனமோட்டுவோர், கூட்டரசுச் சாலையிலிருந்து தோட்டத்துப் பாதைக்குள் திரும்புமுன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் நொடிக்கு 25 மீட்டரைக் கடக்கிறது. செம்பனை (எண்ணெய்ப் பனை) குலை ஏற்றிய லாரி வளைவில் வெளிப்படுவதைக் கண்டு, கால் பிரேக்கைத் தொடுவதற்குள் அந்தத் தூரம் போய்விடும். வேகத்தை 60-க்குக் குறைத்தால் மோதலின் ஆற்றல் பாதிக்கும் கீழே இறங்கும், ஏனெனில் அது வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 10 கிலோமீட்டர் பயணத்தில் இதனால் கூடுவது 3 நிமிடம் 20 நொடி மட்டுமே. எரிபொருளும் மிச்சமாகும்.

மழை நாளில், லாரிச் சக்கரங்கள் விட்டுச்சென்ற செம்மண் சேறு தார்மீது வழுக்கும் என்பதால், கியரை இறக்கி, பிரேக்கை மெல்ல அழுத்துங்கள். விடியற்காலையில் ரப்பர் மரம் சீவச் செல்வோர் மோட்டார் சைக்கிளில் வருவர். அவர்களுடைய நெற்றிவிளக்கின் சிற்றொளி எதிரே தெரிந்தவுடனேயே ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுங்கள்.