பட்டுப்புடவை அச்சில் மங்கிப்போவது ஏன்?

பெங்களூரு சுல்தான்பேட்டையில் கல்யாணப் பத்திரிகை அடிக்கக் கொடுக்கும் நம்மவர்கள் பலர் சொல்லும் புகார் ஒன்றுதான்: போனில் ஜொலித்த ராணி பிங்க் புடவை கார்டில் மங்கிப்போச்சு. உடனே பிரஸ்காரரைத் திட்டுகிறோம், ஆனால் கோளாறு பெரும்பாலும் நாம் கொடுத்த ஃபைலில்தான் இருக்கும். திரை ஒளியைக் கூட்டி நிறம் காட்டுகிறது, மையோ காகிதத்தில் விழும் ஒளியில் ஒரு பங்கை விழுங்கித்தான் நிறம் காட்டுகிறது. அதனால் திரையின் பளீர் பச்சை, நீலம், பிங்க் எல்லாம் சியான், மஜென்டா, மஞ்சள், கருப்பு என்ற நாலு மைகளின் எல்லைக்கு வெளியே நிற்கின்றன. எதையாவது இழந்தே ஆக வேண்டும்.

எதை இழப்பது என்பதை மென்பொருளிடமே விட்டுவிடுவதுதான் பெரிய தவறு. படத்தை சிஎம்ஒய்கே-க்கு, அதாவது இந்த நாலு மை முறைக்கு, மாற்றும்போது ரெண்டரிங் இன்டென்ட் என்று ஒரு தேர்வு வரும், எல்லை தாண்டிய நிறங்களை எப்படி அடக்குவது என்று சொல்வது அதுதான். அதில் ரிலேட்டிவ் கலரிமெட்ரிக், எல்லைக்குள் இருக்கும் நிறங்களைக் கிட்டத்தட்ட அப்படியே வைத்துக்கொண்டு வெளியே இருப்பவற்றை மட்டும் எல்லைக்குத் தள்ளும். முகத்துக்கு நல்லது, ஆனால் புடவை மடிப்பில் இருந்த பல பிங்க்குகள் ஒன்றாகிப்போய் துணி தட்டையாகத் தெரியும். பெர்செப்சுவல் எல்லா நிறங்களையும் சேர்த்துச் சுருக்கும், மடிப்பு பிழைக்கும், மொத்தப் படமும் கொஞ்சம் அடங்கும். புடவைதான் படமென்றால் நான் பெர்செப்சுவலைத்தான் எடுப்பேன். அப்சல்யூட் கலரிமெட்ரிக் என்ற தேர்வு, ப்ரூஃப் எனும் மாதிரி அச்சு பார்க்க மட்டும். அதில் ஃபைனல் அடித்தால் வெள்ளைப் பின்னணியில்கூட லேசாகச் சாயம் ஏறிவிடும்.

அப்புறம் இந்த கேமட் வார்னிங், அச்சின் எல்லைக்கு வெளியே இருக்கும் நிறங்களைத் திரையில் சாம்பலாகக் காட்டும் எச்சரிக்கை. சாம்பல் திட்டுகளைப் பார்த்ததும் பதறி மொத்தப் படத்தின் சாச்சுரேஷனையும், அதாவது நிறச் செறிவையும், இறக்குகிறார்கள், மணப்பெண்ணின் முகம் வெளுத்துப்போகிறது, அதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். நிறம் எல்லையை எவ்வளவு தாண்டியது என்று அந்தத் திட்டு சொல்லாது, துளி தாண்டியதற்கும் வரும். புடவையை மட்டும் தேர்ந்தெடுத்து அதன் வெளிச்சத்தைச் சற்றுக் குறைத்துப் பாருங்கள். பளீர் நீலம் அச்சில் ஊதாவாகத் திரும்பும் வழக்கம் உண்டு, முன்கூட்டியே சியான் பக்கம் கொஞ்சம் நகர்த்திவிடுங்கள்.

ப்ரொஃபைல் என்பது ஒரு அச்சு முறையில் நிறம் எப்படி வரும் என்று மென்பொருளுக்குச் சொல்லும் ஃபைல். ஃபோட்டோஷாப்பில் வழக்கமாக முதலில் இருக்கும் ஸ்வாப் ப்ரொஃபைல் அமெரிக்க வெப் ஆஃப்செட்டுக்கானது, அதாவது உருளைக் காகிதத்தில் அடிக்கும் முறைக்கானது. உங்கள் பிரஸ் எந்த ப்ரொஃபைலில் அடிக்கிறது என்று கேளுங்கள், பளபளப்பில்லாத சொரசொர கார்டு என்றால் கட்டாயம் கேளுங்கள், அது மையை உறிஞ்சும், நிற எல்லை இன்னும் சுருங்கும்.

ஒருமுறை சிஎம்ஒய்கே ஆக்கியதைத் திரும்பத் திரையின் சிவப்பு-பச்சை-நீல முறையான ஆர்ஜிபி ஆக்கினாலும் போன நிறம் வராது, மூல ஃபைலைத் தனியாக வையுங்கள். ஃபோட்டோ லேபுக்குக் கொடுக்கும் படம் என்றால் சிஎம்ஒய்கே வேண்டாம், அங்கே பெரும்பாலும் கேட்பது ஆர்ஜிபி-யின் பொதுவான வகையான எஸ்ஆர்ஜிபி.