வடசென்னையில் இறங்குகிறீர்களா? ஏற்காட்டுக்கு நாலு நாள் ஒதுக்குங்கள்

கனடாவிலிருந்து வந்து பெரம்பூரிலோ தண்டையார்பேட்டையிலோ அக்கா வீட்டில் தங்கி, கல்யாணம் விருந்தெல்லாம் முடித்துவிட்டு, மலையில் ஓர் ஏரிக்கரையில் சும்மா இருக்க ஆசையா? ஏற்காடு போங்கள். ஊட்டி, கொடைக்கானலுக்கு வண்டியில் போக 2024 மே முதல் இ-பாஸ் வேண்டும். ஏற்காட்டுக்கு அந்த அலைச்சல் இல்லை, தூரமும் குறைவு.

டொரொன்டோவில் இலை சிவக்கும் மாதங்கள் இங்கே மழைக்காலம். ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை என்பார்கள். வியாசர்பாடி, புளியந்தோப்புப் பக்கம் தெருவில் தண்ணீர் நின்றுவிட்டால் ஸ்டேஷனுக்குப் போவதே பெரும்பாடு. அதனால் புரட்டாசிக்குள் போய்வருவது நல்லது. ஆயுதபூஜை விடுமுறையைத் தவிர்த்துவிடுங்கள்.

பேருந்தை மறந்துவிடுங்கள். சேலம் பேருந்துகள் பெரும்பாலும் கிளம்பும் கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் நமக்கு ஊரின் மறுகோடி. அங்கே போய்ச் சேர்வதற்குள் பாதித் தெம்பு போய்விடும். சேலம் வழியாகப் போகும் ரயில் பெரம்பூரில் நிற்குமா என்று பாருங்கள், நிற்காவிட்டால் சென்ட்ரல். ஐந்து மணி நேரம் போல ஆகும். சேலத்தில் தட்டுவடை செட் சாப்பிடாமல் மலை ஏறாதீர்கள். ஆனால் ஒரு தட்டோடு நிறுத்துங்கள், மேலே 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன.

சனி, ஞாயிறு வேண்டவே வேண்டாம். சேலத்துக் கூட்டமும் பெங்களூர்க் கூட்டமும் ஏரிக்கரையில்தான் இருக்கும். திங்கள் ஏறி வெள்ளி காலை இறங்குங்கள். படகுகள் கிளம்புமுன் விடியற்காலையில் ஏரியைச் சுற்றி நடந்தால் பனிமூட்டம் மட்டும்தான் துணை. அப்புறம் சேர்வராயன் கோயில்: 5,326 அடி உயரம், குகைக்குள் குனிந்து போய்ச் சாமி கும்பிட வேண்டும். மழை பெய்திருந்தால் கிளியூர் அருவியில் தண்ணீர் கொட்டும், ஆனால் இறங்கும் பாதை வழுக்கும். அம்மா அப்பாவை மேலேயே உட்கார வைத்துவிடுங்கள். மற்ற 'பாயின்ட்'களை எண்ணிக்கொண்டு ஓடாதீர்கள். காப்பித் தோட்ட ஓரமாக நடந்தாலே பொழுது போய்விடும். குளிருக்கு ஒரு ஸ்வெட்டர் போதும், கனடா ஜாக்கெட்டை வீட்டிலேயே வையுங்கள்.

ஒரு எச்சரிக்கை: திட்டத்தை முன்கூட்டியே வீட்டில் சொன்னால் சித்தப்பா வேன் பேசிவிடுவார். டிக்கெட் எடுத்த பிறகு சொல்லுங்கள்.

வெளிநாட்டு பாஸ்போர்ட் என்றால் விடுதியில் வெளிநாட்டவருக்கான விவரப் படிவம் நிரப்புவார்கள். பாஸ்போர்ட்டும் விசா அல்லது (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்தியருக்கான) ஓசிஐ அட்டையும் அசலாகக் கையில் இருக்கட்டும். ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்பு திறக்கும். திரும்பும் டிக்கெட்டையும் அப்போதே எடுத்துவிடுங்கள், தீபாவளி நெருங்கினால் இடம் கிடைப்பது கஷ்டம்.