காணாமல் ஆக்கப்பட்டவரைத் தேடும் குடும்பங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெரியம்மாவின் றங்குப் பெட்டிக்குள் ஐந்து படிவங்களின் பிரதிகள் இருக்கின்றன. ஐந்தும் ஒரே மகனைப் பற்றியவை. ஒன்றில் அண்ணனைக் கொண்டுபோனது 1990 யூலை. இன்னொன்றில் செப்டெம்பர். மூன்றாவதில் 1991 என்று மட்டும் இருக்கிறது. ஒன்றில் நீலச் சேர்ட் என்று எழுதியிருக்கிறது, மற்றவற்றில் உடையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பெரியம்மா எவரிடமும் பொய் சொன்னவர் அல்லர். ஒவ்வொரு தடவையும் யாரோ அவசரமாகக் கேட்டார்கள், யாரோ எழுதினார்கள், அவர் காட்டிய இடத்தில் ஒப்பமிட்டார். அவ்வளவுதான் நடந்தது.

இலங்கையின் கிழக்கே, அம்பாறை மாவட்டத்துத் திருக்கோவில் பக்கத்துக் கிராமங்களில் இப்படிப்பட்ட பெட்டி இல்லாத தெரு இல்லை. நான் சில ஆண்டுகளாக அயலவர்களுக்கு இந்தக் கடதாசிகளை ஒழுங்குபடுத்திக் கொடுக்கிறேன். கீழே எழுதுபவற்றைத் தவறுகள் என்று சொல்லவே மனம் வலிக்கிறது. பிள்ளையைக் கொண்டுபோனவர்கள் செய்ததே குற்றம், தேடுகிறவர்கள் தடுமாறியது குற்றம் ஆகாது. ஆனாலும் முப்பது ஆண்டு கடந்த ஒரு வழக்கில், சின்னத் தடுமாற்றம் ஒன்றே கோப்பை மூடி வைக்கச் சாட்டாகிவிடுகிறது. அந்தச் சாட்டை நாம் கொடுக்கக் கூடாது.

திகதியை உத்தேசமாகச் சொல்வது

நம்முடைய தாய்மார் நாட்களை நாட்காட்டியால் நினைவு வைத்திருப்பதில்லை. கண்ணகி அம்மன் சடங்கு, ஆடி அமாவாசை, வேளாண்மை வெட்டு, வெள்ளம் என்றுதான் சொல்வார்கள். அதிகாரி “மாதம் சொல்லுங்கள்” என்று நெருக்கும்போது வாயில் வந்த மாதம் படிவத்தில் ஏறிவிடுகிறது. பெரியம்மா எப்போதும் சொன்னது “ஆடி அமாவாசைக்கு அடுத்த செவ்வாய்” என்பதைத்தான். அதை எவரும் எழுதவில்லை. பழைய பஞ்சாங்கத்தைப் பார்த்தோம். 1990இல் ஆடி அமாவாசை யூலை 21, 22 ஆகிய நாட்களில் வருகிறது. எப்படி எண்ணினாலும் அடுத்த செவ்வாய் யூலை 24. முப்பது ஆண்டுகளாகத் திகதி அவர் வாயிலேயே இருந்தது, கேட்கத்தான் ஆள் இல்லை.

இது ஏன் பெரிய விடயம்? காணாமற்போனோரைப் பற்றி விசாரிக்க அரசு அமைத்த ஒவ்வொரு ஆணைக்குழுவுக்கும் ஒரு கால எல்லை இருந்தது. 1994இல் அமைக்கப்பட்ட ஆணைக்குழுக்கள் 1988 ஜனவரி 1க்குப் பிந்தியவற்றையே விசாரித்தன. 2013இல் வந்த ஆணைக்குழு முதலில் 1990 யூன் 10 முதல் 2009 மே 19 வரை என்று எல்லை வகுத்தது, பின்னர்தான் 1983 வரை பின்னோக்கி நீட்டப்பட்டது. படிவத்தில் மாதம் பிழைத்தால், ஆண்டு பிழைத்தால், ஒரு மகன் எல்லைக்கு வெளியே போய்விடுவான். 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கு அப்படிக் கால எல்லை இல்லை. ஆனாலும் பழைய முறைப்பாட்டோடு புதியதை ஒப்பிடும்போது திகதி பொருந்தாவிட்டால் கேள்வி எழும். ஆகவே தாய் சொன்னபடியே “ஆடி அமாவாசைக்கு அடுத்த செவ்வாய், அதாவது 1990 யூலை 24” என்று இரண்டையும் எழுதுங்கள்.

முன்பு கொடுத்தது பிழை என்று தெரிந்தால் சத்தமில்லாமல் மாற்றாதீர்கள். “முன்னைய முறைப்பாட்டில் இப்படிப் பதியப்பட்டுள்ளது, சரியானது இது, பிழை நேர்ந்த காரணம் இது” என்று திருத்தக் கடிதம் ஒன்றைப் பழைய இலக்கத்தோடு கொடுங்கள். சொல்லித் திருத்திய பிழையை எவரும் பொய் என்று தள்ள முடியாது.

கண்டதையும் கேட்டதையும் ஒன்றாக்குவது

என் அறிவுக்கு எட்டியவரை எல்லாவற்றிலும் பெரிய தவறு இதுதான். சுற்றிவளைப்பு நடந்தது, ஆண்களை வரிசையில் இருத்தினார்கள், ஆளைக் காட்டிக்கொடுக்கும் தலையாட்டி தலையசைத்தான், அண்ணனை வாகனத்தில் ஏற்றினார்கள். இது பெரியம்மா கண்ணால் கண்டது. மூன்று மாதம் கழித்து ஒருவர் வந்து, அவன் ஒரு முகாமில் தண்ணீர் அள்ளிக்கொண்டு நின்றதைத் தன் மைத்துனர் கண்டதாகச் சொன்னார். இது கேட்டது, அதுவும் இரண்டு வாய் கடந்து வந்தது. வேறொரு சிறைக்கு மாற்றியிருப்பார்கள் என்பது ஊரார் நினைத்தது. ஆண்டுகள் போகப் போக மூன்றும் ஒன்றாகி, கடைசியில் ஒரு படிவத்தில் “மகனை முகாமில் கண்டேன்” என்று வந்துவிட்டது. எழுதியவர் சுருக்கி எழுதியிருக்கலாம். தாயின் மனமே காலப்போக்கில் அதைக் கண்டிருக்கவும் கூடும். எப்படியோ, அந்த ஒரு வரியை உடைத்தால் கண்ணால் கண்ட உண்மையையும் சேர்த்து உடைத்துவிடலாம்.

ஒரு கொப்பி வாங்குங்கள். கண்டது, கேட்டது, நினைப்பது என்று மூன்று பகுதிகளாகப் பிரியுங்கள். கேட்டதற்கு எதிரே சொன்னவர் யார், அவருக்குச் சொன்னவர் யார், எப்போது, இப்போது எங்கே இருக்கிறார் என்று குறியுங்கள். அன்று அதே வரிசையில் இருந்து விடுபட்டு வந்தவர்களுக்கு இன்று அறுபது, எழுபது வயது. கேட்டதை வேண்டாம் என்று எறியவும் கூடாது, அதுவே அடுத்த சாட்சியிடம் கொண்டுபோகும் வழி.

எழுதி வைத்ததன் பலத்துக்கு நம் கிழக்கிலேயே சான்று இருக்கிறது. 1990 செப்டெம்பர் 5ஆம் திகதி மட்டக்களப்பு மாவட்டத்து வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்து அகதி முகாமிலிருந்து 158 பேர் கொண்டுசெல்லப்பட்டார்கள். இன்றும் அந்த எண் நிலைத்து நிற்கிறது என்றால், முகாமை நடத்தியவர்கள் அப்போதே பெயர்களைப் பதிந்து வைத்ததுதான் காரணம். எத்தனையோ ஊர்களில் அப்படி எழுதி வைக்க ஒருவரும் இருக்கவில்லை. அங்கெல்லாம் “நிறையப் பேர்” என்ற சொல் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

ஓரிடத்தில் சொன்னால் எல்லா இடத்துக்கும் போகும் என்று நம்புவது

போவதில்லை. பொலிஸ் முறைப்பாடு, மனித உரிமைகள் ஆணைக்குழு, செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு, ஆணைக்குழுக்கள், காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு கோப்பு. அந்த அலுவலகம் தேடிக் கண்டறிய அமைக்கப்பட்டது. அதன் முடிவுகளால் எவர் மீதும் குற்றவியல் பொறுப்போ குடியியல் பொறுப்போ எழாது என்று அதன் சட்டமே சொல்கிறது. அங்கே படிவம் கொடுத்ததை வழக்குப் போட்டதாக எண்ணிக் காத்திருந்த குடும்பங்களை எனக்குத் தெரியும். வழக்கு வேண்டுமானால் பொலிஸ் விசாரணை அல்லது ஆட்கொணர்வு மனு என்று சட்டத்தரணியோடு பேச வேண்டும். 1980 முதல் இயங்கும் ஐக்கிய நாடுகளின் வலிந்து காணாமல் ஆக்கப்படுதல் தொடர்பான செயற்குழுவுக்கும் குடும்பம் முறையிடலாம்.

கொண்டுபோனவர் எந்தத் தரப்பு என்பதைப் பார்த்துத் தயங்கவும் வேண்டாம். 1990 யூலையில் குருக்கள்மடத்தில் விடுதலைப் புலிகள் வழிமறித்துக் கொண்டுபோன முஸ்லிம்களின் வீட்டாரும் இன்றுவரை உடல்களைத் தேடுகிறார்கள். அவர்களுடைய உம்மாவின் கண்ணீருக்கும் எங்கள் பெரியம்மாவின் கண்ணீருக்கும் சட்டத்தில் வேறுபாடு இல்லை.

மறைந்த இடமும் ஊராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. கிழக்குப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த பேராசிரியர் ரவீந்திரநாத் 2006 டிசம்பர் 15இல் காணாமற்போனது கொழும்பில். வேலைக்கோ படிப்புக்கோ போன இடத்தில் மறைந்தவர் என்றால், அந்த இடத்துப் பொலிஸ் நிலையத்திலும் முறைப்பாடு இருக்கிறதா என்று பாருங்கள்.

தகவல் தருவதாக வருகிறவனுக்குப் பணம் கொடுப்பது

2009க்குப் பிறகு ஒருவன் எங்கள் வீட்டுக்கு வந்தான். அண்ணன் உயிரோடு இருக்கிறான், ஆள் மெலிந்துவிட்டான், வெளியே சொன்னால் ஆபத்து என்றான். முதலில் பஸ் செலவுக்குக் கேட்டான், பிறகு பெரியவருக்குக் கொடுக்க வேண்டும் என்றான். பெரியம்மா காணியை ஈடு வைத்தார். நாங்கள் தடுக்கவில்லை. தடுக்க எங்களுக்கும் மனம் இல்லை, ஏனென்றால் நாங்களும் நம்ப விரும்பினோம்.

இவர்களிடம் ஒரே மாதிரியான மூன்று பழக்கங்களைப் பார்த்திருக்கிறேன். இரகசியம் காக்கச் சொல்வார்கள், ஆதாரத்துக்கு முன்னே பணம் கேட்பார்கள், பிள்ளைக்கு மட்டும் தெரிந்த ஒன்றைக் கேட்டால் கோபப்படுவார்கள். ஆகவே அப்படி ஒரு கேள்வியை வீட்டில் ஒருவர் பத்திரமாக வைத்திருங்கள். அம்மம்மா கூப்பிட்ட செல்லப் பெயர், எந்த மாமரத்தில் விழுந்து கை முறிந்தது என்பது போல. அந்த விவரங்களை முகநூலில் படத்தோடு போடாதீர்கள். போட்டால் மறுநாள் அதே விவரத்தோடு ஒருவன் வாசலில் நிற்பான். பணம் போன பின்னும் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். தொலைபேசி இலக்கம், வங்கித் துண்டு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு பொலிஸில் மோசடி என்று முறையிடுங்கள். எங்களிடம் வாங்கியவன் அடுத்த கிராமத்திலும் வாங்கினான். நாங்கள் வாய் திறந்திருந்தால் அந்தத் தாயின் நகை தப்பியிருக்கும். இதை இன்றும் நினைத்து வருந்துகிறேன்.

மூலப் பத்திரத்தைக் கையை விட்டுக் கொடுப்பது

பிறப்பத்தாட்சிப் பத்திரம், பாடசாலை விடுகைப் பத்திரம், அண்ணனின் ஒரே படம், செஞ்சிலுவைக் கடிதம். இவற்றின் மூலத்தை எவர் கேட்டாலும் காட்டுங்கள், பிரதியை மட்டும் கொடுங்கள். ஓர் அலுவலகத்தில் நாங்கள் கொடுத்த படம் திரும்பி வரவே இல்லை. 2004 டிசம்பர் 26 சுனாமியில் இலங்கையிலேயே அதிகம் பேர் மாண்டது அம்பாறை மாவட்டத்தில். அந்த அலையோடு எத்தனை குடும்பங்களின் முறைப்பாட்டுத் துண்டுகள் போயின. ஒரு தொகுதிப் பிரதியைக் கரையை விட்டு விலகி, வாவிக்கு அப்பால் உட்பகுதியான படுவான்கரையில் உள்ள உறவினர் வீட்டிலும் வையுங்கள். பொலிஸில் முறைப்பாட்டுப் பிரதியை எழுதிக் கேட்டு வாங்குங்கள், இலக்கத்தைக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதுங்கள்.

சான்றிதழில் அவசரப்படுவது, அல்லது அறவே மறுப்பது

2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டத்தின்படி, காணாமற்போனவருக்கு மரணச் சான்றிதழ் பெறலாம். பலர் உதவித்தொகைக்காக, அல்லது வற்புறுத்தலால் அதை எடுத்தார்கள். 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தம் காணக்கிடைக்காமைச் சான்றிதழ் என்ற வேறொன்றைக் கொண்டுவந்தது. அதில் இறந்தார் என்ற சொல் இல்லை. காணி, வங்கி, பிள்ளைகளின் காரியங்களைப் பார்க்க அது உதவும். முன்பு மரணச் சான்றிதழ் எடுத்தவர்களும் அதை நீக்கி இதைப் பெற விண்ணப்பிக்கலாம். இரண்டு ஆண்டுக்கே செல்லுபடி, பிறகு நீடிக்க வேண்டும் என்பதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்.

எந்தச் சான்றிதழையும் தொடமாட்டேன், தொட்டால் பிள்ளையைக் கைவிட்டதாகும் என்று சொல்லும் தாயை வற்புறுத்தாதீர்கள். அது அவருடைய உரிமை. விளக்கிச் சொல்லுங்கள், முடிவை அவரிடம் விடுங்கள்.

எலும்பு என்றதும் முடிவு கட்டுவது

புதைகுழி என்ற செய்தி வந்தாலே ஊர் முழுவதும் கலங்குகிறது. 2018இல் மன்னார் நகரில் தோண்டப்பட்ட குழியிலிருந்து முந்நூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் எடுக்கப்பட்டன. 2019 மார்ச்சில் வெளியான காபன் பரிசோதனை, அனுப்பப்பட்ட மாதிரிகள் பல நூற்றாண்டு பழையவை என்றது. அந்த ஓராண்டு எத்தனை தாய்மார் உறங்காமல் கிடந்திருப்பார்கள்! ஆய்வுக்கு முன் கருமாதி செய்யவும் வேண்டாம், இது நம்முடையது அல்ல என்று ஒதுங்கவும் வேண்டாம். கிணறு வெட்டும்போது எலும்பு வந்தால் மேலும் கிளறாமல் பொலிஸுக்கு அறிவியுங்கள். பொத்தான், துணி, அவை கிடந்த நிலை எல்லாமே சாட்சி.

மரபணு என்ன செய்யும் என்பதைக் கல்முனை கண்டிருக்கிறது. சுனாமிக்குப் பின் 81ஆம் இலக்கக் குழந்தை என்று அழைக்கப்பட்ட கைக்குழந்தை, 2005 பெப்ரவரியில் மரபணுச் சோதனை உறுதிப்படுத்திய பிறகே பெற்றோரிடம் சேர்ந்தது. ஒப்பிட ஏற்றவர்கள் தாய், தந்தை, பெற்ற பிள்ளைகள். தாய் கண்ணை மூடிவிட்டால் அந்தக் கதவு ஒடுங்கிவிடும். ஆகவே தாய் உயிரோடு இருக்கும்போதே மாதிரி கொடுக்க வழி உண்டா என்று காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். பல்லில் அடைத்த குழி, முறிந்த எலும்பு, உயரம் எல்லாவற்றையும் கொப்பியில் சேருங்கள்.

தாய் ஒருவரிடமே எல்லாவற்றையும் விட்டுவைப்பது

சென்ற ஆண்டு தங்கையின் மகள் பெரியம்மாவின் பக்கத்தில் இருந்து ஐந்து படிவங்களையும் வாய்விட்டு வாசித்தாள். நீலச் சேர்ட் என்ற இடத்தில் பெரியம்மா கையை உயர்த்தி நிறுத்தினார். நீலம் அவன் கட்டியிருந்த சாரம், சேர்ட் பாடசாலைக்குப் போடும் வெள்ளை, இடது கையில் பொத்தான் அறுந்திருந்தது, மாலையில் தைத்துத் தருவதாகச் சொல்லியிருந்தேன் என்றார். அத்தனை ஆண்டுகளில் எவரும் அவருக்கு அதைத் திருப்பி வாசித்துக் காட்டவில்லை. அன்றிரவே திருத்தக் கடிதம் எழுதினோம். ஒரு பிரதி பெட்டியில், ஒன்று படுவான்கரையில்.