என்கோடரை ஓட்டாமலே பிட் கணக்கு போடுவது எப்படி?

தரத்தை மாற்றி மாற்றி என்கோடரில் (சுருக்கும் நிரலில்) படத்தைச் சுருக்கி, ஒவ்வொரு முறையும் ஃபைல் அளவைப் பார்ப்பது வெட்டி வேலை. எத்தனை பிட் ஆகும் என்பதைக் கணக்குப் போட்டே ஓரளவு சொல்லிவிடலாம். பைத்தானும் அதன் நம்பை, சைபை நூலகங்களும் போதும். இதற்காக மேட்லாப் வாங்க வேண்டியதில்லை.

படத்தின் ஒளிர்வை மட்டும் எடுத்து 8×8 பிக்சல் கட்டங்களாக வெட்டுங்கள். நிறத்துக்கும் பிறகு இதே வழிதான்.

அடுத்தது டிசிடி, அதாவது கட்டத்தின் 64 பிக்சல்களை, ஒளிர்வு எவ்வளவு மெதுவாக, வேகமாக மாறுகிறது என்று சொல்லும் 64 எண்களாக மாற்றும் கணக்கு. சறுக்குகிற இடம் இது. சைபையின் டிசிடி ஃபங்ஷனை அப்படியே கூப்பிட்டால் எண்கள் ஊதிப்போய் வரும். ‘நார்ம்’ (norm) என்ற இடத்தில் ‘ஆர்த்தோ’ (ortho) என்று கொடுத்தாக வேண்டும். சோதித்துப் பாருங்கள்: 64 பிக்சலும் 10 ஆக இருக்கும் கட்டத்துக்கு முதல் எண் 80 வர வேண்டும். 2560 வந்தால் ஆர்த்தோ விட்டுப்போயிருக்கிறது. அதைக் கவனிக்காமல் மேலே போனால் பிட் கணக்கு எக்கச்சக்கமாக ஏறும், காரணமும் பிடிபடாது.

பிறகு குவாண்டைசேஷன், அதாவது எண்களைத் தோராயமாக்குவது: படி அளவால் (எவ்வளவு தோராயம் என்பதைத் தீர்மானிக்கும் எண்) வகுத்து முழு எண்ணாக்குங்கள். முதல் எண்ணுக்கு மட்டும், முந்தைய கட்டத்தோடு உள்ள வித்தியாசத்தை எடுங்கள். ஜேபெக் செய்வதும் அதுதான்.

இனி என்ட்ரோபி, அதாவது இந்த எண்களை எழுதச் சராசரியாக எத்தனை பிட் தேவை என்ற கணக்கு. ஓர் எண் வரும் நிகழ்தகவு p என்றால் அதன் செலவு −log₂ p பிட். 64 எண்களில் 56 பூஜ்யம், நான்கு +1, நான்கு −1 என்று வைத்துக்கொள்வோம். பூஜ்யம் ஒன்றுக்கு 0.193 பிட், மற்றவை தலா 4 பிட். மொத்தம் சுமார் 43. சுருக்காமல் பிக்சலுக்கு 8 பிட் என்று வைத்தால் 512!

இந்த p கிடைக்க, கட்டத்தின் 64 இடங்களுக்கும் தனித்தனி ஹிஸ்டோகிராம் (எந்த எண் எத்தனை முறை வருகிறது என்ற கணக்கு) போடுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டினால் செலவு கூடுதலாகத் தெரியும். படம் ரொம்பச் சின்னதென்றால் தனித்தனியாகப் போடுவதும் ஏமாற்றும், செலவைக் குறைத்துக் காட்டும்.

வீடியோவில் பிக்சலுக்குப் பதில் முந்தைய ஃப்ரேமிலிருந்து கணித்தது போக மிச்சத்தை எடுங்கள். நகர்வு வெக்டரையும் (கட்டம் எவ்வளவு நகர்ந்தது என்று சொல்லும் எண்கள்) மறக்காதீர்கள்: எச்.264 என்ற வீடியோ முறையின் எக்ஸ்ப்-கோலம் குறியீட்டில் (சின்ன எண்ணுக்குக் குறைந்த பிட் தரும் முறை) 0-க்கு 1 பிட், ±1-க்கு 3, ±2, ±3-க்கு 5.

பின்சேர்க்கை: நம்பவே முடியாத அளவுக்குக் குறைவாக வருகிறது என்று ஒருவர் கேட்டிருந்தார். அவர் கொடுத்தது ஜேபெக் படம். அது ஏற்கெனவே குவாண்டைஸ் ஆனது, பல எண்கள் முன்பே பூஜ்யமாகிச் செத்துப்போயிருக்கும். சுருக்கப்படாத மூலத்திலிருந்து எடுத்த பிஎன்ஜி கொடுங்கள். ஜேபெக்கை பிஎன்ஜியாக மாற்றிக் கொடுத்தால் பலனில்லை.