நீர்க்கட்டி என்று சொல்லிவிட்டார்களா? நாட்களை எண்ணத் தொடங்குங்கள்

ஸ்கேன் உறையோடு வீட்டுக்குள் நுழைந்தபோது அம்மா அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்து கேட்டார்: "கட்டி எந்தப் பக்கம் கண்ணு?" இரண்டு பக்கமும் என்றேன். படத்தை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சினைப்பையின் ஓரம் முழுக்க மணி கோத்ததுபோல் சின்னச் சின்னக் கரும்புள்ளிகள். அன்றிரவு, ஆபரேஷனுக்கு எவ்வளவு ஆகும் என்று அவர் மாமாவிடம் போனில் விசாரிப்பது என் அறைவரை கேட்டது.

நீர்க்கட்டி என்ற சொல் செய்யும் கொடுமை இது. உங்களுக்கும் இப்போதுதான் சொல்லியிருக்கிறார்கள் என்றால், முதலில் வீட்டில் இருப்பவர்களுக்கு இதை விளக்குங்கள்: அவை கட்டிகளே அல்ல. ஒவ்வொரு மாதவிடாய்ச் சுழற்சியிலும் சினைப்பையில் முட்டை இருக்கும் சிறு பைகள் பல வளரத் தொடங்கும். அவற்றில் ஒன்று முதிர்ந்து முட்டையை வெளியே விடும். நமக்கு அவை பாதி வளர்ச்சியில் நின்றுவிடுகின்றன. அப்படி நின்றுபோனவைதான் ஸ்கேனில் கரும்புள்ளிகளாகத் தெரிகின்றன. அவற்றை வெட்டி எடுக்க வேண்டியதில்லை, அவை புற்றாகவும் மாறுவதில்லை. ரிப்போர்ட்டில் பி.சி.ஓ.டி. என்று எழுதியிருந்தாலும் பி.சி.ஓ.எஸ். என்று எழுதியிருந்தாலும் நம்மூரில் இதே சிக்கலைத்தான் குறிக்கிறார்கள்.

உண்மையில் ஸ்கேன் இதில் ஒரு சாட்சி மட்டும்தான். மூன்று அடையாளங்களில் இரண்டு இருந்தால் போதும், வேறு நோய் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு மருத்துவர் இதை முடிவுசெய்வார். ஒன்று, மாதவிடாய் தள்ளித் தள்ளி வருவது. இரண்டாவது, ஆண்களிடம் அதிகமாக இருக்கும் ஆண்ட்ரோஜன் என்ற ஹார்மோன் கூடியிருப்பது. அது ரத்தத்திலும் தெரியலாம், மோவாயில் வளரும் தடித்த முடியிலும் தெரியலாம். மூன்றாவதுதான் ஸ்கேன். எனக்கு முதல் இரண்டும் தெளிவாகவே இருந்தன. ஆகவே, "ஸ்கேன் மட்டும் எடுத்தேன், இதுதான் என்று சொல்லிவிட்டார்கள்" என்று யாராவது சொன்னால் எனக்குக் கவலையாக இருக்கும். தைராய்டு, பால் சுரக்கவைக்கும் புரோலாக்டின் ஆகிய ஹார்மோன்கள் இரண்டையும் பார்த்தார்களா என்று கேளுங்கள். அவை மாறினாலும் மாதவிடாய் இப்படித்தான் தள்ளிப்போகும். முடிக்காக பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ரத்தம் கொடுப்பதற்கு முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும். தைராய்டு முடிவை அது தவறாகக் காட்டிவிடும்.

இனி முக்கியமான வேலைக்கு வருகிறேன். நான் ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டியில் கணக்கு எழுதுகிறேன். வருடக்கணக்காக மற்றவர்களின் மூட்டைக்கும் எடைக்கும் பேரேடு வைத்திருந்த எனக்கு, என் கடைசி மாதவிடாய் எந்தத் தேதியில் வந்தது என்று மருத்துவர் கேட்டபோது பதில் தெரியவில்லை. "தீபாவளி சமயத்தில்" என்றேன். அவர் பேனாவை மேசையில் வைத்துவிட்டு, "அம்மா, எனக்குத் தேதி வேண்டும்" என்றார்.

அன்று மாலையே தொடங்கினேன். எங்கள் சமையலறைக் காலண்டரில் அம்மா பால் கணக்கு எழுதுவார், ஒவ்வொரு கட்டத்திலும் ½ அல்லது 1 என்று. அதே கட்டத்தின் கீழ் மூலையில் நான் சிவப்புப் பேனாவால் ஒரு புள்ளி வைத்தேன். முதல் நாளுக்குப் பெரிய புள்ளி, அடுத்த நாட்களுக்குச் சின்னது. முதல் நாளிலிருந்து அடுத்த முதல் நாள் வரை எண்ண வேண்டும். 21 நாளுக்குக் குறைந்தாலோ 35 நாளைத் தாண்டினாலோ, வருடத்தில் எட்டு முறைக்கும் குறைவாக வந்தாலோ அது ஒழுங்கற்றது. எனக்கு 52, 67, 58 என்று போய்க்கொண்டிருந்தது.

இந்தக் கணக்கில் 90 என்ற எண்ணை மட்டும் ஒருபோதும் கடக்க விடாதீர்கள். முட்டை வெளிவராத மாதங்களில் கர்ப்பப்பையின் உள்சவ்வு உதிராமல் தடித்துக்கொண்டே போகும். அது வருடக்கணக்கில் தொடர்ந்தால்தான் பின்னாளில் அந்தச் சவ்வில் புற்று வரும் வாய்ப்பு கூடுகிறது. சினைப்பைப் புள்ளிகளைப் பார்த்துப் பயப்படும் நாம், பயப்பட வேண்டிய இந்த இடத்தில், "வரவில்லையா, நல்லதுதான், தொல்லை இல்லை" என்று இருந்துவிடுகிறோம். நானும் இருந்தேன். 90 நாள் ஆகிவிட்டால் மருத்துவரிடம் போங்கள். கருவுற்றிருக்க வாய்ப்பு உண்டென்றால் முதலில் அதைப் பரிசோதித்துவிடுங்கள். எனக்குப் பத்து நாளுக்கு புரோஜெஸ்டிரோன் வகை மாத்திரை கொடுத்தார். நிறுத்தி நான்காம் நாள் வந்தது. ஆனால் அதே மாத்திரை அட்டையை மருந்துக்கடையில் காட்டி நீங்களாகவே திரும்பத் திரும்ப வாங்கிச் சாப்பிடாதீர்கள். அளவும் நாளும் மருத்துவர் சொல்ல வேண்டியவை. இன்னொன்று, தள்ளிப்போய் வரும்போது சிலருக்கு மிக அதிகமாகப் போகும். ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைகிறது என்றால் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

எங்கள் அம்மிச்சி, அதாவது அம்மாவின் அம்மா, கேட்ட கேள்வி ஒன்று உண்டு: "சினைப்பைக்கும் சர்க்கரைக்கும் என்ன சம்பந்தம்?" இந்த நோயின் முக்கியமான வேர் ஒன்று அங்கேதான் இருக்கிறது. நம்மில் பெரும்பாலோருக்கு உடல் இன்சுலினின் பேச்சைச் சரியாகக் கேட்பதில்லை. அதனால் கணையம் இன்னும் அதிகமாகச் சுரக்கிறது. கூடிப்போன இன்சுலின் சினைப்பையை ஆண்ட்ரோஜன் சுரக்கத் தூண்டுகிறது. முடியும் பருவும் அதிலிருந்து வருகின்றன, முட்டை முதிராமல் நிற்பதும் அதனால்தான். என் பின்கழுத்தில் வெல்வெட் துணிபோல் ஒரு கறுப்புப் பட்டை பள்ளிக்கூட நாட்களிலிருந்தே உண்டு. ஞாயிற்றுக்கிழமை எண்ணெய்க் குளியலில் அம்மா பாசிப்பயறு மாவும் நாரும் வைத்துத் தோல் சிவக்கத் தேய்ப்பார். அழுக்கு என்றுதான் இருவரும் நினைத்தோம். அது இன்சுலின் கூடியிருப்பதன் அடையாளம் என்று எனக்கு 26 வயதில்தான் தெரிந்தது. உங்கள் கழுத்திலோ அக்குளிலோ அப்படி இருந்தால் தேய்ப்பதை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

சர்க்கரையை வெறும் வயிற்றில் மட்டும் பார்த்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். எனக்கு வெறும் வயிற்றில் 94. எல்லாம் சரி என்றுதான் ஆய்வகத்தில் சொன்னார்கள். மருத்துவர் விடவில்லை, குளுக்கோஸ் குடித்துப் பார்க்கச் சொன்னார். இரவு உணவோடு நிறுத்திவிட்டு, காலையில் 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த தண்ணீரை ஐந்து நிமிடத்துக்குள் குடித்து முடிக்க வேண்டும். அது தொண்டையில் பாகுபோல் ஒட்டுகிறது. பிறகு இரண்டு மணி நேரம் அந்த பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். நடக்கக் கூடாது, எதுவும் தின்னக் கூடாது. குமட்டினால் நர்ஸிடம் சொல்லுங்கள், ஏனென்றால் வாந்தி எடுத்துவிட்டால் கணக்குத் தப்பிவிடும். எனக்கு இரண்டாவது மணியில் 152. அது 140-ஐத் தொட்டாலே எச்சரிக்கை, 200-ஐத் தொட்டால் நீரிழிவு. அந்த 152 இல்லாவிட்டால் நான் எதையும் மாற்றியிருக்க மாட்டேன்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். இந்த நோய்க்கென்று தனி உணவுமுறை எதுவும் மற்றவற்றைவிட மேலானது என்று நிரூபணம் ஆகவில்லை. ஆகவே பாலை விடு, கோதுமையை விடு, மதியச் சாப்பாட்டையே விடு என்று விற்கிறவர்களிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள். நான் எங்கள் கொங்கு வீட்டுச் சமையலை மாற்றவில்லை, தட்டில் அளவை மாற்றினேன். முன்பு மதியத்துக்குச் சோறு மலைபோல், பொரியல் ஓரத்தில் ஒரு கரண்டி. இப்போது பாதித் தட்டு காய்கறியும் கீரையும், கால் தட்டு சோறு, மீதி பருப்போ முட்டையோ மீனோ. இரவில் நான்கு இட்லி இரண்டானது, கூடவே ஒரு கிண்ணம் கொள்ளுப் பருப்பு. "இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்பார்கள். கொள்ளு கொழுப்பைக் கரைத்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். புரதமும் நாரும் இருப்பதால் பசி தாங்குகிறது, பத்து மணிக்கு முறுக்கு டப்பாவைத் தேடிப் போக விடுவதில்லை. அதுவே பெரிய உதவி.

மண்டியில் நாளுக்கு நான்கு தேநீர், ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை. எட்டு ஸ்பூன் என்று எண்ணிப் பார்த்த நாளில் மனம் திக்கென்றது. இப்போது இரண்டு தேநீர், அரை ஸ்பூன். நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் எல்லாமே உடலுக்குச் சர்க்கரைதான். ராகியும் அப்படியே: நைசாக அரைத்துக் காய்ச்சிய கஞ்சி விறுவிறுவென்று செரித்துச் சர்க்கரையை ஏற்றிவிடும். களியாகக் கீரைக் குழம்போடு அளவாகச் சாப்பிடுவது மேல். அம்மிச்சி நல்லெண்ணெய் ஊற்றி உளுந்தங்களி கிண்டிக் கொண்டுவந்தால் நான் மறுப்பதில்லை. கருப்பட்டியைப் பாதியாகக் குறைக்கச் சொல்லியிருக்கிறேன். அவரும் குறைத்துவிட்டார்.

உடற்பயிற்சிக்கு இலக்கு வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம். மூச்சு வாங்க வேண்டும், ஆனால் பேச முடிய வேண்டும், அந்த வேகம். நான் வ.உ.சி. பூங்கா மைதானத்தில் காலை ஆறு மணிக்கு அரை மணி நேரம் நடக்கிறேன், வாரத்தில் ஐந்து நாள். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் தெருவில் பத்து நிமிடம். அதோடு இரண்டு நாள் தசைக்கு வேலை கொடுக்க வேண்டும். நம் பெண்கள் விட்டுவிடுவது இதைத்தான். சர்க்கரையை அதிகம் இழுத்துக்கொள்வது தசைதான். நாற்காலியில் உட்கார்ந்து எழுவது பன்னிரண்டு முறை, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது பன்னிரண்டு முறை, இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தூக்குவது. இந்த வரிசையை மூன்று சுற்று செய்தால் இருபது நிமிடம் ஆகும். எடை கூடுதலாக இருப்பவர்கள் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைத்தாலே மாதவிடாய் சீராகத் தொடங்கலாம். 70 கிலோ என்றால் மூன்றரைக் கிலோ. எடை குறையாவிட்டாலும் நடையின் பலன் உள்ளே சேர்கிறது என்பதை நினைவில் வையுங்கள். ஒல்லியானவர்களுக்கும் இந்த நோய் வரும்.

இன்சுலின் சரியாக வேலை செய்ய உதவும் மெட்ஃபார்மின் மாத்திரையை எழுதிக் கொடுத்தால் சாப்பாட்டோடு போட்டுக்கொள்ளுங்கள். எனக்கு 500 மில்லிகிராமில் தொடங்கியும் முதல் வாரம் வயிற்றுப்போக்கு. நானாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொன்னேன். மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றிய பிறகு சரியாயிற்று. நெடுநாள் சாப்பிட்டால் வைட்டமின் பி12 குறையலாம், இடையிடையே பார்த்துக்கொள்ள வேண்டும். கருத்தடை மாத்திரையைக் கொடுத்தால் வீட்டில் பதறுவார்கள். இங்கே அது மாதவிடாயைச் சீராக்கவும் சவ்வைக் காக்கவும்தான், பிற்காலத்தில் குழந்தை பிறப்பதை அது கெடுக்காது. ஆனால் கண்முன் ஒளிக்கோடுகள் தெரிந்து வரும் ஒற்றைத் தலைவலி, ரத்தக்கொதிப்பு, காலில் ரத்தம் உறைந்த வரலாறு இவற்றில் எது இருந்தாலும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மோவாய் முடியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. விடியற்காலையில் குளியலறை டியூப்லைட்டுக்குக் கீழே கண்ணாடியை மூக்கருகில் பிடித்து ஒவ்வொன்றாகப் பிடுங்கிய வருடங்கள் எனக்கு உண்டு. சவரம் செய்தால் அடர்த்தியாகும் என்பது உண்மையல்ல. நூலோ சவரமோ லேசரோ, எது உங்களுக்கு வசதியோ அதைச் செய்யுங்கள். மருந்தின் பலன் முடியில் தெரிய ஆறு மாதமாவது ஆகும்.

அந்த ஸ்கேனுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் நான் பார்த்த ஒரு மருத்துவர், "கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்" என்று சொல்லி அனுப்பினார். அந்த இரண்டு ஆண்டுகள் எனக்கு வீணாயின. கல்யாணம் இதற்கு மருந்தல்ல. அதேபோல் குழந்தை பிறக்காது என்பதும் பொய். பெரும்பாலோருக்குப் பிறக்கிறது, சிலருக்கு உதவி தேவைப்படுகிறது. முட்டை வெளிவரச் செய்ய இன்று முதலில் கொடுப்பது லெட்ரோசோல் என்ற மாத்திரை. முட்டை எப்போது வெளிவரும் என்று கணிக்க முடியாததால், குழந்தை வேண்டாம் என்று இருப்பவர்கள் கருத்தடையை மறக்கக் கூடாது. பெண் பார்க்க வந்தால் இதைச் சொல்ல வேண்டுமா என்று என் சித்தி கேட்டார். சொல்லிவிட வேண்டும் என்பதே என் எண்ணம். கேட்டதும் எழுந்து போகிறவர்கள் வீட்டில் மாத்திரை அட்டையை ஒளித்துவைத்து வாழ முடியாது.

மனச்சோர்வும் பதற்றமும் இந்த நோயோடு அதிகம் வருகின்றன. அழுகை நிற்காமல் இரண்டு வாரம் தொடர்ந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். 14416 என்ற டெலி மனஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் கட்டணமில்லாமல் தமிழில் பேசலாம். நான் ஒரு முறை பேசினேன், பேசிய பிறகு தூக்கம் வந்தது.

ஒரு வருடம் கழித்து மறுபடி குளுக்கோஸ் குடித்தேன், 128. சுழற்சி இப்போது 38 நாளை ஒட்டி வருகிறது. தாய்க்கும் சகோதரிக்கும்கூட நீரிழிவு வாய்ப்பு அதிகம் என்பதால் அம்மாவையும் அன்றே அழைத்துச் சென்று ரத்தம் கொடுக்க வைத்தேன்.

என் சித்தி மகளுக்குப் பதினான்கு வயது, பூப்படைந்து ஒன்றரை வருடம் ஆகிறது. அவளுக்கு 40 நாளுக்கு ஒரு முறை வருகிறது என்று சித்தி ஸ்கேனுக்கு அழைத்துப்போகக் கிளம்பினார். வேண்டாம் என்றேன். இந்த வயதில் 45 நாள் வரை இயல்பு. பூப்படைந்து எட்டு ஆண்டுகள் ஆகும்வரை சினைப்பை ஸ்கேனை வைத்து இந்த நோயை முடிவுசெய்யக் கூடாது, வளரும் பெண்களின் சினைப்பை அப்படித்தான் தெரியும். அடிக்கடி 45 நாளைத் தாண்டினாலோ ஒரு முறையாவது 90 நாள் தாண்டினாலோ மருத்துவரிடம் போங்கள் என்று சொல்லி, மண்டியில் வருடப் பிறப்புக்குக் கொடுத்த காலண்டர் ஒன்றையும் சிவப்புப் பேனாவையும் கொடுத்து அனுப்பினேன். போன வாரம் போயிருந்தபோது அவளுடைய படிப்பு மேசைக்கு மேலே அது தொங்கியது. மூன்று பெரிய புள்ளிகள், நடுவில் 41, 39 என்று அவளே எழுதியிருந்தாள்.