கவிழ்த்துப் பாருங்கள்: பழைய பாத்திரங்களையும் படங்களையும் அடையாளம் கண்டு விலை மதிக்கும் முறை

காரைக்குடியில் முனீஸ்வரன் கோவில் தெருவுக்கு முதன்முறையாகச் செல்பவர்கள், வாசல் வரை அடுக்கி வைக்கப்பட்டிருக்கும் பித்தளை அண்டாக்கள், எனாமல் தூக்குகள், சுவர்க் கடிகாரங்கள், கண்ணாடிச் சட்டமிட்ட சாமி படங்கள் ஆகியவற்றைக் கண்டு திகைத்துப்போவது இயல்பு. எதைக் கேட்டாலும் "நூறு வருஷத்துச் சாமான்" என்ற பதிலே வரும். அது சில சமயம் உண்மையாகவும் இருக்கும். ஆனால் சொல்பவரின் வாயைப் பார்ப்பதற்கு முன் பொருளின் அடிப்பக்கத்தைப் பார்க்கப் பழகிவிட்டால், பெரும்பாலான கேள்விகளுக்குப் பொருளே பதில் சொல்லிவிடும். இந்த விளக்கம், வீட்டுப் பரணிலிருந்து இறக்கிய சொம்பானாலும் காயலான் கடையில் கண்டெடுத்த விளக்கானாலும், அதை எந்த வரிசையில் சோதிக்க வேண்டும் என்பதைத் தொடக்க நிலையில் இருப்பவர்களுக்குச் சொல்கிறது.

முதல் படி: துலக்காமல் வைத்திருங்கள்

பொருள் கைக்கு வந்ததும் புளியைத் தேடி ஓடாதீர்கள். நான் முதன்முதலில் வாங்கிய பித்தளைச் சொம்பை அன்றைக்கே புளியும் செங்கல் பொடியும் போட்டுப் பளபளவென்று தேய்த்துவிட்டேன். அதன் கழுத்தில் வெட்டியிருந்த எழுத்துகளின் பள்ளங்களில் பல்லாண்டுகளாகப் படிந்திருந்த கருமை முழுவதும் போய், எழுத்துகளின் விளிம்பும் மழுங்கிவிட்டது. பழமையைக் காட்டும் சான்றை என் கையாலேயே அழித்துவிட்டேன் என்பது அடுத்த முறை ஒரு பெரியவரிடம் அதைக் காட்டியபோதுதான் புரிந்தது. மென்மையான துணியால் தூசியைத் துடைப்பது மட்டும் போதும்.

இந்தச் சோதனைகளுக்கு ஒரு சிறு காந்தம், பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லென்ஸ், டார்ச் விளக்கு, படங்களைச் சோதிக்க ஒரு புறஊதா டார்ச், கிராம் கணக்கில் காட்டும் சமையலறைத் தராசு, கொஞ்சம் நூல் ஆகியவை இருந்தால் போதுமானது.

இரண்டாம் படி: தேய்மானத்தைப் படியுங்கள்

பயன்பட்ட பொருள், பயன்பட்ட இடத்தில்தான் தேய்ந்திருக்கும். சொம்பு என்றால் தரையில் உட்காரும் அடி விளிம்பு வழவழப்பாகவும், விரல்கள் பிடிக்கும் கழுத்து மெல்லிய பளபளப்புடனும், யாரும் தொடாத உட்குழிவு இருண்டும் இருக்க வேண்டும். அமிலம் பூசியோ மண்ணில் புதைத்தோ பழமையாக்கப்பட்ட பொருளில் இந்த வேறுபாடு இராது. கழுத்தும் அடியும் உட்புறமும் ஒரே அளவு கறுத்திருக்கும். பச்சைக் களிம்பையும் ஈர விரலால் தொட்டுப் பாருங்கள். அண்மையில் வரவழைத்த களிம்பு பல நேரங்களில் பொடியாக விரலோடு வந்துவிடும். காலத்தால் படிந்தது இடுக்குகளில் கெட்டியாக ஒட்டியிருக்கும்.

அடுத்து, செய்த விதத்தைப் பாருங்கள். தகட்டைக் கையால் தட்டிச் செய்த பழைய குடங்களிலும் தவலைகளிலும் உட்பக்கம் டார்ச் அடித்தால் சுத்தியல் தடங்கள் சீரற்ற சிறு குழிவுகளாகத் தெரியும். இரண்டு பகுதிகள் சேரும் இடத்தில், தகட்டின் விளிம்பைப் பற்கள்போல வெட்டி ஒன்றோடொன்று கோத்துப் பற்றவைத்த இணைப்பு சில பாத்திரங்களில் கோட்டை மதில்போல ஓடுவதைக் காணலாம். அந்தப் பல் வரிசையைக் கண்டால் நான் இன்றும் ஒரு நிமிடம் நின்று பார்ப்பேன். எந்திரத்தில் சுழற்றி இழுத்த பாத்திரத்தில் அந்த இணைப்பு இராது. அடியிலிருந்து விளிம்பு வரை ஒரே மையத்தைச் சுற்றிய மெல்லிய வட்டக் கோடுகளே இருக்கும்.

குத்துவிளக்கைக் கழற்றிப் பார்க்காமல் வாங்காதீர்கள். கும்பகோணத்தை அடுத்த நாச்சியார்கோவிலில் வார்க்கப்படும் விளக்குகள் அடித்தட்டு, தண்டு, எண்ணெய் விடும் அகல், உச்சியில் உள்ள அன்னம் எனத் தனித்தனியாக வார்த்துக் கடைந்து, மரையால் இணைக்கப்படுபவை. பழைய விளக்கில் ஒரு பகுதி தொலைந்தால், வேறொரு விளக்கின் பகுதியைப் பொருத்தி விற்பது நெடுநாள் வழக்கம். மரை தளர்ந்து ஆடினாலோ, உட்புறத்தின் நிறம் பகுதிக்குப் பகுதி மாறினாலோ அது ஒட்டு விளக்கு. வீட்டில் ஏற்றுவதற்கு அது போதும். முழு விளக்கின் விலையை மட்டும் அதற்குக் கொடுக்கக் கூடாது.

மூன்றாம் படி: உலோகத்தை உறுதி செய்யுங்கள்

பித்தளையும் வெண்கலமும் செம்பும் காந்தத்தில் ஒட்டாது. ஒட்டினால் உள்ளே இரும்பு இருக்கிறது என்று பொருள். ஒட்டாதது எல்லாம் பித்தளை ஆகிவிடாது என்பதால், வீட்டுக்கு வந்தபின் அடர்த்தியைக் கணக்கிட்டுப் பாருங்கள். முதலில் பொருளை எடை போடுங்கள். பிறகு ஒரு வாளித் தண்ணீரைத் தராசின்மேல் வைத்து அளவைப் பூஜ்யமாக்கி, பொருளை நூலில் கட்டி, அடியிலோ பக்கத்திலோ இடிக்காமல், உள்ளே காற்று தங்காமல் முழுவதும் நீரில் மூழ்கும்படி பிடியுங்கள். தராசு இப்போது காட்டும் கிராம் எண்ணிக்கைதான் கன சென்டிமீட்டரில் பொருளின் கன அளவு. எடையை அந்த எண்ணால் வகுத்தால் அடர்த்தி வரும். 850 கிராம் சொம்புக்குத் தராசு 100 காட்டினால் அடர்த்தி 8.5, இது பித்தளைக்குரிய எண். செம்பு 8.96 வரும், துத்தநாகம் 7.1 அளவிலேயே நின்றுவிடும். பித்தளையையும் வெண்கலத்தையும் இந்த எண்ணால் பிரித்தறிய முடியாது. அதற்குக் காதுதான் உதவும்: விளிம்பை விரலால் சுண்டினால் வெண்கலத்தின் நாதம் நீண்டு கேட்கும். நாதம் பிசிறினால் எங்கோ விரிசல் இருக்கிறது. பித்தளை அடிபட்டால் சொட்டை விழும். வெள்ளீயம் மிகுந்த வெண்கலமோ உடையும்.

ரசம் வைக்கும் ஈயச் சொம்பைப் பழைய சாமான் கடையில் வாங்குபவர்கள் இந்த அடர்த்திச் சோதனையைக் கட்டாயம் செய்ய வேண்டும். அது வெள்ளீயத்தால் ஆனதாக இருக்க வேண்டும். காரீயம் கலந்திருந்தால் அது நஞ்சு. வெள்ளீயத்தின் அடர்த்தி 7.3, காரீயத்தின் அடர்த்தி 11.3. அதாவது 730 கிராம் சொம்பு நீரில் ஏறத்தாழ 100 காட்ட வேண்டும்; அந்த எண் கணிசமாகக் குறைந்தால் அதைச் சமையலுக்கு எடுக்காதீர்கள். எண் சரியாகவே வந்தாலும் சிறிதளவு கலப்பை இது காட்டிக் கொடுக்காது என்பதால், சமைப்பதற்கு முன் ஆய்வகத்தில் சோதித்துக்கொள்வது நல்லது.

நான்காம் படி: வெட்டிய எழுத்துகளை வாசியுங்கள்

தமிழ்நாட்டுப் பாத்திரங்களில் கிடைக்கும் மிகச் சிறந்த சான்று, புள்ளி புள்ளியாக வெட்டிய பெயர்தான். சீர் பாத்திரங்களில் குடும்பத்தின் விலாச எழுத்துகள் (பெயர்களின் முதலெழுத்துகள்), பெயர், சில நேரம் எடை, சில நேரம் வருடம் ஆகியவை இருக்கும். ஒரு சொம்பின் தோளில் "விக்ரம௵ தை௴" என்று இருப்பதாகக் கொள்வோம். முதல் குறி வருடத்தையும் இரண்டாவது மாதத்தையும் குறிக்கும். தமிழ் ஆண்டுகள் அறுபதும் சுழன்று வருவதால் விக்ரம ஆண்டு 1880, 1940, 2000 ஆகிய மூன்று சித்திரைகளில் தொடங்கியிருக்கிறது. தை மாதம் ஆங்கில ஆண்டு மாறியபின் வருவதால், இந்தச் சொம்பின் நாள் 1881, 1941, 2001 ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றின் தொடக்கத்தில் விழும்.

மூன்றில் எது என்பதை எழுத்தின் வடிவம் சொல்லக்கூடும். தமிழ்நாடு அரசு 1978இல் எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்துவதற்கு முன்பு ணா, றா, னா ஆகியவை சுழித்து ஒட்டிய வடிவிலும், ணை, னை, லை, ளை ஆகியவை தலைக்குமேல் தும்பிக்கைபோல வளைந்த கொம்புடனும் எழுதப்பட்டன. சொம்பில் அண்ணாமலை என்ற பெயர் இருந்தால் நமக்கு நல்லகாலம்: அந்த ஒரே பெயரில் ணா, லை என இரண்டு சோதனை எழுத்துகள் இருக்கின்றன. இரண்டும் பழைய வடிவில் இருந்தால் 2001 பெரும்பாலும் விலகிவிடும். பெரும்பாலும் என்று சொல்வதற்குக் காரணம், வெட்டுபவர் முதியவராக இருந்தால் 1978க்குப் பிறகும் பழைய வடிவத்தையே வெட்டியிருக்கக்கூடும் என்பதுதான். அதேபோலப் பெரியார் தம் இதழில் 1935 முதலே சீர்திருத்த எழுத்தைக் கையாண்டதால், புதிய வடிவம் இருப்பதை மட்டும் வைத்தும் முடிவு கட்டக் கூடாது. எடை சேர், பலம் என்று வெட்டப்பட்டிருந்தால், மெட்ரிக் அளவை 1950களின் இறுதியிலிருந்து வந்ததை நினைவில் கொண்டு 1941ஐயோ 1881ஐயோ இன்னும் உறுதியாக நம்பலாம்.

பெயர் வெட்டிய நாள் பாத்திரம் செய்த நாள் ஆகாது. பாத்திரம் அந்த நாளுக்குப் பிந்தியதாக இருக்க முடியாது, அவ்வளவே. பழைய ஆண்டை இன்று வெட்டி விற்பவர்களும் உண்டு என்பதால், லென்ஸில் புள்ளிகளின் விளிம்பைப் பாருங்கள். புதிய வெட்டின் உட்புறம் மினுங்கும். நகத்தால் வருடினால் சொரசொரக்கும்.

ஐந்தாம் படி: முத்திரையும் முகவரியும்

எனாமல், பீங்கான், கடிகாரம் ஆகியவற்றில் நாட்டின் பெயரே காலத்தைக் காட்டும். செக்கோஸ்லோவாகியா என்று இருந்தால் 1918க்குப் பிந்தியது, 1993க்கு முந்தியது. மேற்கு ஜெர்மனி என்றால் 1949 முதல் 1990 வரை. ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பான் என்று அச்சிட்டிருந்தால் இரண்டாம் உலகப் போர் முடிந்ததிலிருந்து 1952க்குள். இந்தியத் தகரப் பெட்டிகளிலும் லேபிள்களிலும் ஆறு இலக்க அஞ்சல் குறியீடு இருந்தால், அந்த முறை தொடங்கிய 1972 ஆகஸ்டு 15க்கு முன் அது அச்சாகியிருக்க வழியில்லை.

ஆறாம் படி: படத்தை லென்ஸில் பாருங்கள்

ரவிவர்மா அச்சகம் 1894இல் பம்பாயில் தொடங்கி, பின்னர் லோனாவ்லா அருகே மாறி, ஜெர்மானியரான ஃப்ரிட்ஸ் ஷ்லைஷரின் கைக்குச் சென்றது. அங்கு அச்சான லட்சுமியும் சரஸ்வதியும் நம் ஊர் வீடுகளின் பூஜையறைகளுக்கும் வந்து சேர்ந்தார்கள். ஆகவே அசல் கிடைப்பது நடக்காத காரியம் அல்ல. ஆயினும் மறுபதிப்புகள் நிறைய உண்டு.

படத்தில் அம்மனின் கன்னத்தின்மேல் லென்ஸை வையுங்கள். அன்றைய கல் அச்சில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கல் வைத்து ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிட்டார்கள். கல்லின் மேற்பரப்பில் கையால் இட்ட புள்ளிகளாகையால் அவை மணல் தூவியதுபோல அளவிலும் இடைவெளியிலும் ஒழுங்கின்றிப் பரந்து, நிறங்கள் மெல்ல ஒன்றோடொன்று கலக்கும். ஆஃப்செட்டில் அச்சான மறுபதிப்பிலோ நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளிகள் வரிசை பிசகாமல், சின்னஞ்சிறு பூக்களைப்போல வட்டம் வட்டமாக நிற்கும். ஒருமுறை இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்துவிட்டால் பிறகு மறக்காது. இன்றைய கணினி அச்சில் புள்ளிகள் ஒழுங்கற்றே தெரியக்கூடும் என்பதால், இருட்டறையில் புறஊதா டார்ச்சைத் தாள்மேல் காட்டுங்கள். ஏறத்தாழ 1950க்குப் பிறகு தாளில் சேர்க்கப்பட்ட வெண்மையூட்டிகள் நீல வெண்மையாக ஒளிரும். பழைய தாள் மங்கலாகவே இருக்கும். சட்டம் பழையது என்பதால் படமும் பழையது என்று கருதிவிடாதீர்கள். பின்பலகையின் ஆணிகள் புதியவையா என்று பாருங்கள்.

ஏழாம் படி: சட்டத்தை மீறாதீர்கள்

பழம்பொருள்கள், கலைச் செல்வங்கள் சட்டம் 1972இன்படி நூறு ஆண்டுகளைக் கடந்த கலைப்பொருள்களும், 75 ஆண்டுகளைக் கடந்த மதிப்புமிக்க சுவடிகளும் தொல்பொருள்களாகக் கருதப்படும். அவற்றைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. வணிகம் செய்ய உரிமம் வேண்டும். சிற்பம், ஓவியம் போன்ற சில வகைகளை வைத்திருப்பவர் பதிவு செய்ய வேண்டும். மண்ணுக்குள் கிடைத்த புதையலை 1878ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். விளக்கிலோ மணியிலோ கோயிலின் பெயரும் "உபயம்" என்ற சொல்லும் வெட்டியிருந்தால், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் வாங்காதீர்கள். அது இன்னொருவர் சாமிக்குக் கொடுத்தது.

எட்டாம் படி: இனி விலை

முதலில் அடி விலையைக் கணக்கிடுங்கள். 2.4 கிலோ விளக்குக்குக் காயலான் கடை அன்றைக்குக் கிலோவுக்கு 500 ரூபாய் கொடுக்கும் என்று வைத்துக்கொண்டால், 1,200 ரூபாய்க்குக் கீழே அது இறங்காது. அடுத்து, அதே எடையுள்ள புதிய விளக்கு கடையில் என்ன விலை என்று விசாரியுங்கள். பழமைக்கென்று தனிச் சான்று எதுவும் இல்லாத விளக்கின் விலை பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நிற்க வேண்டும். ஆண்டு வெட்டிய எழுத்து, கைவேலையின் நேர்த்தி, எல்லாப் பகுதிகளும் சேர்ந்திருத்தல், எந்த வீட்டிலிருந்து வந்தது என்பதற்கான சான்று ஆகியவை இருந்தால் மட்டுமே புதியதன் விலையைத் தாண்டலாம். ஒட்டுப்போட்டது, விரிசல், மிகையாகத் துலக்கியது ஆகியவற்றுக்குக் குறைக்க வேண்டும். என் அனுபவத்தில், தொடக்கத்தில் பலரும் வயதுக்கு அதிக விலை கொடுத்துவிட்டு, நிலைமைக்குக் குறைக்க மறந்துவிடுகிறார்கள்.

இணையத்தில் ஒப்பிடும்போது, கேட்கும் விலையை எடுத்துக்கொள்ளாதீர்கள். ஏலம் முடிந்து உண்மையில் விற்ற விலையை மட்டும் பாருங்கள். நீங்கள் விற்கப்போனால் கடைக்காரர் தம் வாடகையையும் காத்திருப்பையும் கழித்துக்கொண்டே விலை சொல்வார் என்பதால், வாங்கும் விலையும் விற்கும் விலையும் ஒன்றாக இராது. அதை ஏமாற்று என்று எண்ண வேண்டியதில்லை.

வாங்கியபின் எடை, அடர்த்தி எண், எழுத்தின் வாசகம், வாங்கிய ஊர், நாள், கொடுத்த தொகை, முந்தைய உரிமையாளர் வீட்டைப் பற்றி விற்றவர் சொன்னது ஆகிய அனைத்தையும் ஒரு சீட்டில் பென்சிலால் எழுதி, சொம்புக்கு உள்ளேயே போட்டு வையுங்கள். விற்றவர் சொன்னதை "சொன்னார்" என்றும், நீங்கள் சோதித்ததை "பார்த்தேன்" என்றும் பிரித்தே எழுதுங்கள்.